படம் போனில் இருந்தால் போதுமா?



தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிள்ளைகள் கொழும்பிலிருந்து வீடு வரும் நேரங்களில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. “போட்டோ எல்லாம் போனிலதான் கெடக்குது. ஒரு பிரின்டர் வாங்கி வீட்டிலயே அடிச்சா என்னா? எந்த கெமரா நல்லது? கொம்பியூட்டரில என்ன போடணும்?”

நியாயமான கேள்விதான். கடைக்காரரிடம் கேட்டால் அவர் கடையில் இருப்பதைச் சொல்லுவார். பக்கத்து லயத்துத் தம்பியிடம் கேட்டால் அவர் வாங்கியதைச் சொல்லுவார். ஆகவே இந்த இதழில் நாமே கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்து பார்ப்போம். சாமான் வாங்குவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், படம் எதற்கு என்பதைப் பேச வேண்டும். அதற்கு நாங்கள் கிளிவெட்டியில் கண்டதைச் சொல்ல வேண்டும்.

கிளிவெட்டியில் கண்டது

கிளிவெட்டி, திருகோணமலை மாவட்டத்தில் மூதூர் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள ஊர். துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் வயல்கள் சூழ்ந்த பகுதி. “அந்த ஊருக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கலாம். இரண்டு சம்பந்தம் உண்டு. 1958, 1977 கலவரங்களின் பின் மலையை விட்டு இறங்கிய குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலை மாவட்டங்களில் குடியேறின. அங்கே நமக்கு உறவு உண்டு. மற்றது ஆறு. நம் மலைகளில் பெய்யும் மழை மகாவலியில் சேர்ந்து, 335 கிலோமீட்டர் ஓடி, கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு கலக்கிறது.

2006இல் சம்பூர்ப் பக்கத்தில் சண்டை மூண்டபோது இடம்பெயர்ந்த சனங்களில் பலர், பிறகு பல வருடங்கள் கிளிவெட்டியிலும் அதை அண்டிய இடங்களிலும் இருந்த முகாம்களில் தகரத்தின் கீழ் வாழ்ந்தார்கள். காணிகள் திரும்பக் கிடைத்தது 2015, 2016 ஆண்டுகளில்தான். அதற்கு முன்னும் 1985, 1990 என்று அந்தப் பகுதி ஓட்டங்கள் பலவற்றைக் கண்டது. ஓடும்போது கையில் பிள்ளையைத் தூக்குவார்களா, அல்பத்தைத் தூக்குவார்களா?

அங்கே நாங்கள் சந்தித்த ஓர் அம்மாவிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு படம். 1990இல் வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வராத மூத்த மகனின் படம். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். அவருடைய சொந்த அடையாள அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் இத்தனை வருடமும் இருந்திருக்கிறது. ஓரம் மங்கி, நெற்றியில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. “இதைப் பெருசாக்கித் தர முடியுமா?” என்று கேட்டார்.

எங்களோடு வந்த இளைஞர் நல்ல மனதோடு அதைப் போனில் படம் பிடித்து, முகத்தைத் தெளிவாக்கும் ஒரு செயலியில் போட்டார். அரை நிமிடத்தில் படம் வந்தது. மடிப்பு இல்லை, மங்கல் இல்லை. கண் பளிச்சென்று இருந்தது. தோல் மழமழவென்று இருந்தது. அம்மா போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது என்ட மகன் இல்ல.”

அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். என்ன கெமரா, என்ன பிரின்டர், என்ன மென்பொருள் என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் அந்த அம்மாவின் பக்கத்தில் நின்றுதான் நாம் பதில் தேட வேண்டும். உண்மையான முகம், நீடித்து நிற்கும் காகிதம், ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் இருக்கும் பிரதி. இந்த மூன்றும்தான் நமக்குத் தேவை. மற்றதெல்லாம் பிறகு.

மலையில் மட்டும் என்ன?

“அங்கே யுத்தம் நடந்தது, இங்கே அப்படி இல்லையே” என்று இருந்துவிட வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையில் மண்சரிவு, கீழே திருகோணமலை மாவட்டத்தில் வெள்ளம். இரண்டு இடத்துச் சனமும் உடுத்த துணியோடு ஓடினார்கள். மண்ணுக்கும் தண்ணீருக்கும் லயம் என்றும் தெரியாது, முகாம் என்றும் தெரியாது.

இவ்வளவு ஏன்? ஒரு போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தால் போதும். பஸ்ஸில் களவு போனால் போதும். ஐந்து வருடப் படங்கள் ஒரே நாளில் போய்விடும். தாத்தா பாட்டி காலத்தில் குடும்பத்துக்கு மொத்தமே மூன்று படம் இருந்தது, மூன்றும் சுவரில் இருந்தது. இப்போது மூவாயிரம் படம் இருக்கிறது, ஒன்றுகூடச் சுவரில் இல்லை.

புதிய கெமரா வாங்க வேண்டுமா?

முதல் டிஜிட்டல் கெமராவை 1975இல் அமெரிக்காவின் கொடக் கம்பனியில் ஸ்டீவ் சாசன் என்ற பொறியியலாளர் செய்தார். அதன் படத்தில் மொத்தம் பத்தாயிரம் புள்ளிகள். ஒரு படத்தை கெசட் நாடாவில் பதிய 23 செக்கன் எடுத்தது. இன்று கையில் இருக்கும் சாதாரண போனின் படத்தில் ஒரு கோடிக்கு மேல் புள்ளிகள் இருக்கும். பத்து இலட்சம் புள்ளியைத்தான் ஒரு மெகாபிக்சல் என்கிறார்கள்.

காகிதத்தில் நல்ல படம் வர, ஓர் அங்குல நீளத்துக்கு 300 புள்ளி இருந்தால் தாராளம். அந்தக் கணக்கில் பார்த்தால்:

4க்கு 6 அங்குலம் (சாதாரண அல்பப் படம்): 1200க்கு 1800 புள்ளி. ஏறக்குறைய 2 மெகாபிக்சல்.
5க்கு 7 அங்குலம்: 1500க்கு 2100 புள்ளி. ஏறக்குறைய 3 மெகாபிக்சல்.
8க்கு 10 அங்குலம் (சுவரில் மாட்ட): 2400க்கு 3000 புள்ளி. ஏறக்குறைய 7 மெகாபிக்சல்.
ஏ4 தாள்: 2480க்கு 3508 புள்ளி. ஏறக்குறைய 9 மெகாபிக்சல்.

ஆகவே 12 மெகாபிக்சல் போன் வைத்திருப்பவர் வீட்டுப் படத்துக்காகப் புதிய கெமரா வாங்கத் தேவையில்லை. 50, 108, 200 என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நம்பர் கூடினால் படம் நல்லது என்று அர்த்தமில்லை. இருட்டு லயன் காம்பராவில் எடுத்தால் எந்தப் போனும் திணறும். பாட்டியை வாசலுக்குக் கூட்டி வந்து, வெயில் நேரே முகத்தில் விழாத நிழலில் உட்கார வையுங்கள். மப்பான நாள் படம் எடுக்கச் சிறந்த நாள். நம் மலையில் அதற்குக் குறைவில்லை. எடுக்குமுன் போனின் கண்ணாடியைச் சுத்தமான துணியால் துடையுங்கள். கொழுந்துச் சாயமும் எண்ணெய்க் கையும் பட்ட கண்ணாடிதான் பல படங்கள் புகை போல வருவதற்குக் காரணம். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுக்காமல் இரண்டு எட்டு முன்னால் போய் எடுங்கள். போன் அப்படிப் பெரிதாக்கும்போது பெரும்பாலும் படத்தை வெட்டித்தான் தருகிறது.

கலியாண வீடுகளில் படம் எடுத்துச் சம்பாதிக்க நினைக்கும் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்கு லென்ஸ் மாற்றும் கெமரா வேண்டும். அதிலும் புதிய பொடிக்குக் கொட்டும் காசைவிட, பழைய பொடியும் நல்ல லென்ஸும் வாங்குவது புத்தி. வாங்குமுன் வாடகைக்கு எடுத்து இரண்டு விழாவில் பழகிப் பாருங்கள்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் போகும். நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 புள்ளிதான் மிஞ்சும். அல்பப் படத்துக்குச் சமாளிக்கலாம், சுவர்ப் படத்துக்குப் போதாது. கட்டாரில் இருக்கும் மகள் பேரப்பிள்ளையின் படம் அனுப்பினால், “அதை டொக்கியுமென்டா அனுப்பு புள்ள” என்று சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் படம் சுருங்காமல் முழுதாக வரும்.

பழைய படத்தைப் பிரதி எடுப்பது

கிளிவெட்டி அம்மாவின் படத்துக்குத் திரும்புவோம். இப்படிச் சின்னப் படத்தைப் பெரிதாக்க நல்ல வழி, மேசையில் வைக்கும் தட்டை ஸ்கேனர். படத்தை உறையிலிருந்து மெதுவாக எடுத்து, மென்மையான தூரிகையால் தூசு தட்டி, அங்குலத்துக்கு 1200 புள்ளி என்று வைத்து ஸ்கேன் செய்தோம். 35க்கு 45 மில்லிமீட்டர் படம் ஏறக்குறைய 1650க்கு 2130 புள்ளியாக வந்தது. கணக்குப்படி 5க்கு 7 அங்குலம் வரைக்கும் அச்சிடலாம். ஆனால் ஒன்று: படத்தில் இல்லாததை ஸ்கேனர் தராது. பெரிதாக்கப் பெரிதாக்க மங்கலும் பெரிதாகும். ஆகவே 4க்கு 5 அங்குலத்தில், சுற்றிவர வெள்ளை ஓரம் விட்டு அச்சிட்டோம். நெற்றி மடிப்பை மட்டும் கையால் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்தோம். கண், மூக்கு, வாய் எதையும் தொடவில்லை.

சாதாரண அல்பப் படம் என்றால் 600 புள்ளி போதும். ஸ்கேனர் இல்லாவிட்டால் போன் போதும். கூகுள் 2016இல் வெளியிட்ட போட்டோஸ்கேன் என்ற இலவசச் செயலி ஒரு படத்தை நாலு மூலையிலும் நின்று எடுக்கச் சொல்லி, வெளிச்சத் தெறிப்பை நீக்கித் தரும். ஜன்னல் ஓரத்தில், பிளாஷ் போடாமல் எடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட பழைய படத்தைப் பிய்க்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுத்துவிடுங்கள்.

என்ன மென்பொருள்?

காசு கொடுத்துத்தான் நல்ல மென்பொருள் கிடைக்கும் என்பது பொய். போனில் ஸ்னாப்சீட் இலவசம். வெளிச்சம் கூட்ட, சாய்வை நிமிர்த்த, ஓரம் வெட்ட அதுவே போதும். கொம்பியூட்டரில் கிம்ப் என்ற மென்பொருள் 1990களிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. மடிப்பு, கீறல் மறைக்கும் வேலை அதில் செய்யலாம். ஆயிரக்கணக்கான படங்களை ஆள்வாரியாக, ஆண்டுவாரியாகப் பிரித்து வைக்க டிஜிகேம் இருக்கிறது, அதுவும் இலவசம். அடோபியின் லைட்ரூம் போன்றவற்றுக்கு மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். அதை வைத்துச் சம்பாதிப்பவருக்குச் சரி. வீட்டுப் படத்துக்கு வேண்டாம். களவுக் கொப்பியும் வேண்டாம், அதோடு வைரஸும் சேர்ந்து வரும்.

முகத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மங்கிய படத்தில் கண் இமை இல்லை என்றால் அந்தச் செயலிக்கு எங்கிருந்து இமை வருகிறது? அது பார்த்துப் பழகிய இலட்சக்கணக்கான வேறு ஆட்களின் முகங்களிலிருந்து வருகிறது. ‘இப்படித்தான் இருந்திருக்கும்’ என்று ஊகித்து வரைகிறது. அதனால்தான் வடிவான முகம் வந்தது, மகன் வரவில்லை. விளையாட்டுக்குச் செய்து பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் மூலப் பிரதியை மாற்றாமல் தனியாக வைத்திருங்கள். செய்த படத்தின் பெயரிலேயே ‘மாற்றியது’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் யாரோ ஒருவரைத் தாத்தா என்று கும்பிடுவார்கள்.

வீட்டில் பிரின்டர் கட்டுமா?

படம் அச்சிடும் பிரின்டர்களில் நாம் அறிய வேண்டியவை மூன்று வகை.

முதலாவது, மை தெளிக்கும் இங்ஜெட். இப்போது தொட்டியில் மை ஊற்றும் வகை அதிகம். பிள்ளைகளின் பாடத்தாளும் அடிக்கலாம், படமும் அடிக்கலாம். நாலு நிற மை உள்ளதும் உண்டு, ஆறு நிற மை உள்ளதும் உண்டு. ஆறு நிறத்தில் தோல் நிறம் மென்மையாக விழும். மையிலும் இரண்டு சாதி. சாய மை பளிச்சென்று இருக்கும், ஆனால் நனைந்தால் கரையலாம், வெயிலில் சீக்கிரம் மங்கும். நிறமித் துகள் மை தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் கூடத் தாங்கும். வாங்கும்போது “இதில் என்ன மை?” என்று கேளுங்கள். சாதாரண தாளில் அடித்துவிட்டு “பிரின்டர் சரியில்ல” என்று சொல்லக் கூடாது. படத்துக்கென்று பூச்சுப் பூசிய தாள் வேண்டும். இன்னொரு சிக்கல், சும்மா கிடந்தால் மைத் துவாரம் அடைத்துவிடும். வாரம் ஒரு தாளாவது நிறத்தில் அடிக்க வேண்டும். வருடம் இரண்டு தரம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் அடிப்பவருக்கு இது உதவாது.

இரண்டாவது, சூட்டினால் நிறத்தை நாடாவிலிருந்து தாளுக்கு ஏற்றும் சின்னப் பிரின்டர். கெனன் செல்பி இந்த வகை. தாள் உள்ளே வெளியே என்று நாலு தரம் போய்வரும். மஞ்சள், செந்நிறம், நீலம், கடைசியில் ஒரு கண்ணாடிப் பூச்சு. அந்தப் பூச்சினால் ஈரக்கை பட்டாலும் படம் கெடாது. மை காய்ந்துபோகும் பிரச்சினை இல்லை. தாளும் நாடாவும் சேர்ந்தே விற்பதால் ஒரு படத்துக்கு எவ்வளவு செலவு என்பது முன்கூட்டியே தெரியும். குறை என்னவென்றால் அஞ்சலட்டை அளவுக்கு மேல் அடிக்காது, வேறு கம்பனித் தாள் போடவும் கஷ்டம்.

மூன்றாவது, லேசர். கடிதம், விண்ணப்பம் அடிக்க நல்லது. படத்துக்கு வேண்டாம்.

இனிக் கணக்கு. உதாரணத்துக்கு 60,000 ரூபாய்க்கு ஒரு பிரின்டர் வாங்கி, மூன்று வருடத்தில் 500 படம் அடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்கு மட்டும் ஒரு படத்துக்கு 120 ரூபாய் விழுகிறது. மை தனி, தாள் தனி, நிறம் பிழைத்துக் குப்பையில் போடும் தாள் தனி. அதே மெஷினைப் பத்துக் குடும்பம் சேர்ந்து வாங்கி 3,000 படம் அடித்தால் மெஷின் செலவு படத்துக்கு 20 ரூபாய்தான். மரணாதார சங்கம், இளைஞர் மன்றம், கோயில் சபை என்று நமக்குள் சங்கங்கள் இருக்கின்றன அல்லவா? வாரா வாரம் யாராவது அடித்துக்கொண்டே இருந்தால் மைத் துவாரமும் அடைக்காது. ஒரு கொப்பியில் கணக்கு எழுதி, ஒரு பிள்ளை பொறுப்பெடுத்தால் போதும்.

அதற்கும் வழியில்லையா? டவுனில் ஸ்டூடியோ இருக்கிறது. பெரிய மெஷினில் வெளிச்சத்தால் பதித்து மருந்தில் கழுவி எடுக்கும் படம், வீட்டு இங்ஜெட் படத்தைவிட நன்றாகத் தாங்கும். ஒரு வருடத்தில் எடுத்ததில் இருபதைப் பொறுக்கி அங்கே கொடுங்கள். பென்டிரைவில் அந்த இருபதை மட்டும் போட்டுக் கொடுங்கள். வீட்டுப் பெண் பிள்ளைகளின் படங்கள் எல்லாம் இருக்கும் போனை அப்படியே நீட்டிவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. தேசிய அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் வீட்டுப் படம் எடுபடாது. அடையாள அட்டைக்கு ஆட்பதிவுத் திணைக்களத்திலும், கடவுச்சீட்டுக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலும் பதிவு பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். வீட்டில் அடித்துக்கொண்டு போய் ஒரு நாள் பேரை இழக்க வேண்டாம்.

பின்னால் பெயர் எழுதுங்கள்

நம் மலைக்கும் படக்கலைக்கும் பழைய உறவு உண்டு. உலகப் புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியில் டிக்கோயாவில் காலமானார். கல்லறை பொகவந்தலாவை சென் மேரி ஆலயத்தில் இருக்கிறது. அவர் இங்கே எடுத்த படங்களில் உழைக்கும் சனங்களின் முகங்கள் உண்டு. இன்று அவை வெளிநாட்டு நூதனசாலைகளில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவற்றின் தலைப்புகளைப் பாருங்கள்: ‘இலங்கைப் பெண்’, ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’ என்ற மாதிரித்தான் இருக்கும். எடுத்தவரின் பெயர் உலகத்துக்கே தெரியும். படத்தில் நிற்பவரின் பெயர் தெரியாது.

நம் வீட்டுப் படத்துக்கு அந்தக் கதி வரக் கூடாது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிப் போன சொந்தங்களின் படம் எத்தனை வீட்டுப் பெட்டியில் இருக்கிறது! “இது யாரு பாட்டி?” என்று கேட்டால் பாட்டிக்கு இன்று தெரியும். பாட்டி போன பிறகு? ஆகவே படத்தின் பின்னால் யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். பழைய காகிதப் படத்தில் மென்மையான பென்சில். பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது, சீடியில் எழுதும் பேனையால் ஓரத்தில் எழுதுங்கள். குமிழ்ப் பேனையை அழுத்தினால் முன்பக்கத்தில் தடம் விழும்.

எழுதியதைப் பசை அல்பத்தில் ஒட்டாமல் காகித உறையில் போட்டு, இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வையுங்கள். வெயில் நாளில், காய்ந்த கையோடு வைப்பது நல்லது. அடுப்புப் புகைச் சுவரிலும், மழைக்குக் கசியும் சுவரிலும் மாட்ட வேண்டாம்.

நனைந்துவிட்டால்?

2011 மார்ச் 11இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது, யமமோட்டோ என்ற ஊரில் சேற்றில் கிடந்த சுமார் 7,50,000 குடும்பப் படங்களைத் தொண்டர்கள் பொறுக்கிக் கழுவிக் காய வைத்தார்கள். பல படங்கள் சொந்தக்காரர் கைக்கே திரும்பிப் போயின. ஆகவே நனைந்த படத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

ஸ்டூடியோவில் கழுவிய படம் என்றால், ஒட்டிக் காயுமுன், முடிந்தால் இரண்டு நாளுக்குள், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். படத்தின் முகத்தை விரலால் தேய்க்க வேண்டாம். முகம் மேலே பார்க்க, காகிதத்தின் மேல் பரப்பி நிழலில் காய விடுங்கள். வெயிலும் அடுப்பும் வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை இழுக்காமல் தண்ணீரில் ஊற வைத்தால் தானாகப் பிரியும். உடனே செய்ய முடியாவிட்டால் பொலித்தீன் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டில் வைத்தால் பிறகு செய்யலாம். வீட்டு இங்ஜெட் படத்தை மட்டும் கழுவாதீர்கள், மை ஓடிவிடும். அதைப் பிரித்துக் காய வைப்பதோடு விட்டுவிடுங்கள்.

மூன்று பிரதி

உலகத்துப் படக்காரர்கள் சொல்லும் ஒரு விதி உண்டு. முக்கியமான படத்துக்கு மூன்று பிரதி, இரண்டு விதமான இடத்தில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. நமக்கு அதை இப்படிச் சொல்லலாம்.

ஒன்று, போனில் அல்லது பென்டிரைவில். பென்டிரைவை வருடக்கணக்கில் சும்மா போட்டால் பழுதாகலாம். வருடம் ஒரு தரம் திறந்து பாருங்கள்.

இரண்டு, காகிதத்தில், பெயர் எழுதி, டின்னில். இதைப் பார்க்க கரண்டும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

மூன்று, வேறு ஊரில். கொழும்பில் வேலை செய்யும் மகனிடம் ஒரு உறை, தமிழ்நாட்டு மாமா வீட்டில் ஒரு உறை. அல்லது கூகுள் போட்டோஸில். அங்கே 15 ஜிகாபைட் வரைக்கும் இலவசம். 2021 யூனிலிருந்து படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. இரண்டு வருடம் எட்டிப் பார்க்காமல் விட்டால் கணக்கையே நீக்கிவிட இடமுண்டு. பாஸ்வேர்டை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

இத்தனைக்கும் பெரிய செலவில்லை. வருகிற ஞாயிறு கொழுந்து இல்லாத நேரத்தில் வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, போனில் இருப்பதில் பத்துப் படத்தைப் பொறுக்குங்கள். பெட்டியில் இருக்கும் பழைய படத்தில் இரண்டைப் பிரதி எடுங்கள். பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளும் கூட இருக்கட்டும். பிரின்டர் வாங்குவதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு உங்களுக்கே விளங்கும். வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னது நம் பெரியவர்கள்தான்.

கிளிவெட்டி அம்மாவுக்கு அந்த 4க்கு 5 அங்குலப் படத்தைக் கொடுத்தோம். மங்கல்தான். ஓரத்தில் கறையும் இருந்தது. அவர் முந்தானையால் ஒரு தரம் துடைத்துவிட்டு, “ஓம், இவன்தான்” என்றார். மூன்று பிரதி எடுத்திருந்தோம். ஒன்று அவருக்கு, ஒன்று வெளியூரில் இருக்கும் மகளுக்கு. மூன்றாவதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து வைக்கச் சொன்னார். பின்னால் மகனின் பெயரை அவரே சொல்ல, நாங்கள் எழுதினோம்.